கருப்பு வெள்ளையில் ஒரு மணிவிழா

“மதினி... அண்ணாச்சியை எப்பம் எடுக்கீய?”

போன வெள்ளிக்கிழமை காலை. பனவடலிசத்திரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி போனில் அழுதாள். சாவு வீட்டில் கேட்கிற கேள்வி! ஊருக்கே அண்ணாச்சி, என் கணவருக்குச் சொந்த அண்ணன். மறுநாள் அவருக்கு மணிவிழா. சற்று முன்புதான் எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனார்!

“யாரு சொன்னா உனக்கு?”

“பஸ்ல வரும்போது பாத்தேன் மதினி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பேனர் கட்டியிருக்கே...”

பேனரா? அது என் மகள் கோமு செய்தது. சென்னையில் ஓவியக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிக்கிறாள், இரண்டாம் வருடம். “படம் வரையுததுக்கு ஒரு காலேஜா?” என்று என் வீட்டுக்காரர் குதித்தபோது, “போகட்டும்ல” என்று அடக்கி, அவளை அனுப்பிவைத்தவர் அண்ணாச்சிதான். அந்த நன்றிக்கு யாருக்கும் காட்டாமல் சர்ப்ரைஸாகச் செய்திருந்தாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணி. நடுவில் அண்ணாச்சி முகம், கருப்பு வெள்ளையில். பூ இல்லை, குத்துவிளக்கு இல்லை, சொந்தக்காரர்கள் தலை ஒன்றுகூட இல்லை. ‘மணிவிழா’ மட்டும் ஓரத்தில் பொடி எழுத்தில். ஃப்ளெக்ஸ் கடைக்காரரும் துக்க வீடு என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

நிறங்களைப் பற்றி வருடக்கணக்கில் பாடம் நடத்துகிறார்கள். எந்த நிறத்தைப் பார்த்தால் எந்த ஊர் அழும் என்று சொல்லிக்கொடுக்கிறார்களா? எங்கள் ஊரில் கருப்பு வெள்ளை என்றால் கண்ணீர் அஞ்சலிதான். அதுவும் போன வருடம் நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்ட மனிதருக்கு...

விழாவுக்காக ஊர் வந்திருந்த கோமுவை இழுத்துக்கொண்டு, எனக்கு முன்பே அங்கே வந்திருந்தார் என் வீட்டுக்காரர்.

“திங்கக்கெழம நீ ரயிலு ஏற வேண்டாம். படிச்சது போதும்.”

“அப்பா, இது போர்ட்ரெய்ட்...”

“வாய மூடுட்டி!”

கோமு முகம் வெளிறிவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் பைக் வந்து நின்றது. அவர் அண்ணாந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரும் வேண்டாம் என்றால் அவள் படிப்பு அவ்வளவுதான்.

“ஏட்டி கோமு, இதுக்குக் கலர் போட நேரமாகுமா?”

“இல்ல பெரியப்பா... உடனே...” அழுதுவிட்டாள்.

“போடு. ஒங்க பெரியம்மா பாத்தா தாங்க மாட்டா. குத்துவிளக்கு ஒண்ணு வையி. ஒங்க அப்பன் மூஞ்சியையும் ஓரமா சொருவு. ஏல, அவ திங்கக்கெழம காலேஜுக்குப் போகட்டும்.”

கோமு பேனரைப் பிய்த்து இழுத்தாள். அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கிழிக்காத. சுருட்டி நம்ம வீட்டுப் பரண்ல போடு. இதுல நல்லாத்தான் இருக்கேன். அந்த நேரத்துல நீ அழுதுக்கிட்டே டிசைன் பண்ண வேண்டாம், பாரு.”

திங்கட்கிழமை கோமு ரயிலேறிவிட்டாள். பேனர் பரணில் இருக்கிறது — ரொம்ப வருடம் அங்கேயே கிடந்து தூசி அடையட்டும்!