மாமனார் சோற்றைக் குறைத்த காரணம்

என் மாமனாருக்கு வைராக்கியம் வந்துவிட்டது என்று முதலில் சொன்னவர் என் கொழுந்தன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் கொழுந்தன் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். சீசன் முடிந்தால் சாத்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு வருவார். தரையில் உட்கார்ந்தால் கால்சட்டை கசங்கும் என்று தனக்கென்று ஒரு கை வைத்த நாற்காலி வாங்கி எங்கள் வீட்டில் போட்டிருந்தார். அதில் சாய்ந்துகொண்டுதான், "அய்யா எல்லாத்தையும் விட்டுட்டாக மதினி. ஒரு வேளைச் சோறுதான். இது எம்புட்டுப் பேருக்கு வாய்க்கும்?" என்றார். அன்று கறிக்குழம்பு அவருக்கே பற்றவில்லை.

மாமனார் கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் போட்டு வாழ்ந்தவர். அறுபதைத் தாண்டியதும் இரண்டு முழங்காலும் வீங்கி இறுகின. விரல்களும் கோணிவிட்டன. சாத்தூர் டாக்டர், "வயசாயிருச்சில்ல" என்று ஒரு களிம்பைக் கொடுத்தார். அதை வாங்கி வந்ததோடு தன் கடமை முடிந்தது என்று என் கணவர் இருந்துவிட்டார்.

காட்டுக்குப் போவது நின்றதும் மாமனாரின் பேச்சும் நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பார். வாசலில் யாராவது கூப்பிட்டால் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு சோறு குறைந்தது. தண்ணீர்கூட வேண்டாம் என்றார். சொந்தக்காரர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கும்பிடுவதில் ஒரு சௌகரியம் உண்டு. என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் அப்போது யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. எல்லோருக்கும் ஓடைக்கரைதான். ஒரு நாள் விடியும் நேரத்தில் நான் அந்தப் பக்கமிருந்து திரும்பும்போது முனகல் கேட்டது. மாமனார் தரையில் கிடந்தார். எழுந்திருக்கப் பிடித்த உடைமரத்தின் முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது. வேட்டி பாழாகியிருந்தது.

"தொடாத தாயி. போயிரு" என்றார்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். வரும் வழியில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "குத்தவச்சா எந்திரிக்க முடியல. அதான் திங்கிறதக் குறைச்சேன். இன்னுங் கொஞ்சம் குறைச்சா ஒரேயடியாப் போயிச் சேந்துருவேன்."

இதைத்தான் வைராக்கியம் என்று மெச்சியிருந்தார்கள்.

அன்றே ஆசாரியைக் கூப்பிட்டு, கொழுந்தனின் நாற்காலியில் வட்டமாக ஓட்டை போடச் சொன்னேன். கொல்லையில் ஒரு குழி வெட்டி, அதன்மேல் நாற்காலியை வைத்து, சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டினேன். என் கணவர் பதறிப்போனார்.

"வீட்டுலயா இந்தச் சோலி? ஊரு சிரிக்கும். அத யாரு அள்ளுவா?"

"நான் அள்ளுறேன். சிரிக்கிறவுகளுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

அதற்குக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கம் போகாமல் சுற்றுவழியாக நடந்தார்.

பொங்கலுக்கு வந்த கொழுந்தன் நாற்காலியைத் தேடினார்.

"பின்னால இருக்கு. இப்ப மாமாதான் அதுல உக்காருறாக" என்றேன்.

போய்ப் பார்த்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "தேக்கு நாற்காலி மதினி" என்றார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டிலில் கிடந்த மாமனார் அதைக் கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்.

முழங்கால் ஒன்றும் சரியாகவில்லை. மார்கழிப் பனியில் வலி தாங்காமல் முனகுவார். சில நாட்கள் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். ஆனால் சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரு மழைக்குப் பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, காட்டுக்குப் போக வண்டியைக் கட்டச் சொன்னார்.

"அங்கன போயி என்ன செய்யப் போறீக?"

"பாக்கப் போறேன்லே. கட்டு."

வண்டியில் தலையணை போட்டு உட்காரவைத்தேன். போய்வந்த பிறகு சாப்பாட்டு நேரம் முழுக்க மகனைத்தான் திட்டினார். பருத்திக்குள் களை மண்டிக் கிடக்கிறதாம், எதற்கும் லாயக்கில்லாத பயலாம். நான் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.