நீ எந்த ஊரு டீமு?

திருத்தணி மதராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று எல்லை பிரித்துக்கொண்டிருந்த சமயம். நான் நர்ஸ் பயிற்சி முடித்து, திருத்தணி பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்துக்கு வந்திருந்தேன். அப்போது நாராயணவனத்தில் சடுகுடு இறுதி ஆட்டம். உள்ளூர் அணியோடு மோதியது எங்கள் ஊர் அணி. பள்ளியில் படிக்கும் என் தம்பிதான் அதற்கு உயிர்.

எதிரணித் தலைவன் பாடி வந்தான். தம்பி பாய்ந்து அவன் காலைப் பிடித்தான். இருவரும் விழுந்தார்கள், தம்பியின் பின்மண்டை தரையில் மோதியது. எழுந்தவன் நேராகக் கோட்டைத் தாண்டி, எதிரணிக்காரர்களோடு போய் நின்றுகொண்டான்.

கூட்டம் சிரித்தது. "சர்க்கார் கோடு கிழிக்கறதுக்குள்ள ஆந்திராவுல போய் நின்னுக்கினான் பாரு!"

நான் எழுந்து ஓடுவதற்குள், சிரிக்காத இன்னொருவன் தம்பியிடம் வந்துவிட்டான். அந்த எதிரணித் தலைவன்தான்.

"ஏம்பா, நீ எந்த ஊரு டீமு?"

தம்பி யோசித்தான். இரண்டு பக்க ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஆட்டத்த நிறுத்துங்க!" என்று தலைவன் கத்தினான்.

எங்கள் ஆட்களே, "சோடா குடுத்தா சரியாப் பூடும், ஆட வுடுப்பா" என்றார்கள்.

"சரியாப் பூடுமா? சொந்த ஊரே தெரியலயே அவனுக்கு!"

தம்பியை அப்படியே ஆட விட்டிருந்தால் கோப்பை அவர்களுக்குத்தான். அது அந்தத் தலைவனுக்கும் தெரியும்.

புத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் போனோம். வழியில் தம்பி வாந்தி எடுத்தான். தலை குலுங்காமல் அந்தத் தலைவன்தான் மடியில் பிடித்துக்கொண்டு வந்தான். தம்பி தேறிவிடுவான் என்ற டாக்டர், தலைவலி முழுக்கப் போகும்வரை ஆட்டம் கூடாது, முதல் காயம் ஆறுமுன் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். பிறகு முதலில் நடை, அடுத்து ஓட்டம், கடைசியில்தான் சடுகுடு.

வீட்டில் தம்பி முரண்டு பிடித்தான். "நல்லாத்தான் கீறேன், வுடுக்கா!" எங்கள் அணிக்காரர்களும் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். கடைசியில் அந்த நாராயணவனத்துத் தலைவனே சைக்கிளில் வந்து சொல்லிவிட்டான்: "அக்கா, இவன் தல தெளியட்டும். அதுவரைக்கும் ஆட்டமே இல்ல."

அதோடு விடவில்லை. அடிக்கடி வந்து தம்பியோடு நடந்தான். ஒருநாள் ஓடும்போது தம்பி நெற்றியைப் பிடித்துக்கொண்டான். தலைவன் மறுபடி நடைக்கே இறக்கிவிட்டான்.

ஒருவழியாக டாக்டர் சம்மதித்து, நின்றுபோன இறுதி ஆட்டம் நடந்தது. பாடிப் போன தம்பியை அவனே அமுக்கிப் பிடித்தான். இரக்கமே காட்டவில்லை. கோப்பை நாராயணவனத்துக்கு! தோற்ற தம்பி அன்று சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

எல்லைக்கோடு விழுந்துவிட்டது, அவன் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். விளையாட்டில் அடிபட்டு வரும் பிள்ளைகளிடம் நாடி பார்த்தபடியே நான் இன்றும் முதலில் கேட்பது, ஜெயிக்க வேண்டிய நேரத்தில் அவன் நின்று கேட்ட அந்தக் கேள்வியைத்தான்.