கோட்டுக்காரன் படத்தில் நாரதர்

சம்பங்கி காலமான செய்தி வந்தபோது நான் பெங்களூரில் ஒரு சினிமா தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன். கோட்டுக்காரன் வரிசையில் புதிதாக வந்திருக்கும் படம், முதல் நாள், முதல் காட்சி. இடைவேளையில் செல்போனை எடுத்தேன். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்காக ரயிலில் ஒன்றாகப் போய்வந்த நாம் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மணி எழுதியிருந்தான்: ‘சம்பங்கி அண்ணன் கோலார் ஆஸ்பத்திரில தவறிட்டாரு. ஹார்ட்டு.’ என் மனதில் முதலில் எழுந்தது துக்கம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எழுந்தது அதுவல்ல. ‘இந்த ஒரு படத்தையாவது அவருக்கு முன்னால் பார்த்துவிட்டேன்’ என்பதுதான். துக்கம் நான் படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் வந்தது. வந்தது லேசாகவும் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைக் கடைவாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

சம்பங்கியையும் கோட்டுக்காரனையும் அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோட்டுக்காரன் என்பது நம் கோலார் தங்கவயல்காரர்கள் வைத்த பெயர். பாலைவனமானாலும் கடலடியானாலும் கோட்டைக் கழற்றாத அந்த வெள்ளைக்கார உளவாளியின் படங்கள் எங்கள் அப்பா காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. எனக்கும் சம்பங்கிக்கும் அவற்றின் மேல் ஒரே அளவு பைத்தியம். நான் அவற்றைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினேன், ஒரு புத்தகமும் போட்டேன். சம்பங்கி ஒரு வரி எழுதியதில்லை. காலை ரயிலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசுவார், அவ்வளவுதான். நான் எழுதியதைப் படித்த அத்தனை பேரையும் என்னால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். அவர் பேசியதைக் கேட்க பங்காருப்பேட்டையில் அடுத்த பெட்டியிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடிவந்து ஏறுவார்கள்.

கோட்டுக்காரனாக நடித்தவர் விலகிப் புதியவர் வந்த சமயம் நினைவிருக்கிறதா? பெட்டியில் பெரிய வாக்குவாதம். புது ஆள் பார்க்க எல்.டி.சி. கிளார்க் மாதிரி இருக்கிறார், இவர் எப்படி அவராக முடியும் என்று மணி சண்டைக்கு நின்றான். நான் ஒப்பந்தம், தயாரிப்பாளர், சம்பளத் தகராறு என்று ஒயிட்பீல்டு வரும்வரை விளக்கினேன். நடுவில் இரண்டு பேர் தூங்கிப்போனார்கள். சம்பங்கி வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: “ஆளு எங்கடா மாறினான்? ஷிப்ட்டுதான் மாறியிருக்கு. உங்கப்பா மேல வந்தாரு, எங்கப்பா கேஜ்ல எறங்கினாரு. சுரங்கம் நின்னுட்டுதா இன்னா?” கேஜ் என்ற அந்த இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் நிறைந்த பெட்டியில் அதற்கு மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

அந்த வாக்கியத்தை அவர் பெயரோடு என் புத்தகத்தில் போட்டேன். வாணியம்பாடியிலிருந்து ஒரு வாசகர் என்னைத் தேடி வந்தார். வாசகர் ஒருவர் வீடு தேடி வருவது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை, சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டு, “அந்த ஷிப்ட்டு சம்பங்கி இங்கதான சார் இருக்காரு? பாக்க முடியுமா?” என்றார். கூட்டிக்கொண்டு போனேன், வேறென்ன செய்வது. இருட்டும்வரை இரண்டு பேரும் பேசினார்கள், சம்பங்கியின் மனைவி சரோஜாம்மா தோசை வார்த்துப் போட்டார். பஸ் ஏறும்போது அந்த மனிதர் என் புத்தகத்தைச் சம்பங்கியிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என் வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

அந்த வரிசையில் விசித்திரமான படங்கள் என்று ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். கோட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டிப்போய்ப் படம் முழுக்கக் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வர, அவன் பேச வேண்டியதையெல்லாம் ஒரு நர்ஸ் பேசும் படம் ஒன்று உண்டு. நடிகருக்கு நிஜமாகவே குரல் போய்விட்டது என்று நான் தேடிக் கண்டுபிடித்து எழுதினேன். சம்பங்கிக்கு இருப்பதிலேயே பிடித்த படங்களில் அது ஒன்று. “உளவாளின்னா இவன்தான் உளவாளி. மத்தவன்லாம் போற எடத்துல பேரச் சொல்லிக்கினு, கைகுடுத்துக்கினு திரியறான், இன்னா வேல அது?” என்பார். வில்லன் தங்கச் சுரங்கம் வைத்திருக்கும் படமும் ஒன்று உண்டு. சுரங்கத்துக்குள் சரவிளக்கு தொங்கும், வில்லன் வெள்ளை ஷூவோடு நடப்பான். அந்தக் காட்சிக்கு நம் ஊர் ராபர்ட்சன்பேட்டைத் தியேட்டரில் எழுந்த சிரிப்பில் அடுத்த பத்து வசனம் யாருக்கும் கேட்கவில்லை.

இவையெல்லாம் உலகம் பார்த்த படங்கள். நம் ஊர் மட்டும் பார்த்த படம் ஒன்று இருக்கிறது. என் பொறாமையெல்லாம் அதன் மேல்தான்.

ரீல் பெட்டிகள் பஸ்ஸில் வந்த காலம். ராபர்ட்சன்பேட்டைத் தியேட்டர் ஒன்றுக்குக் கோட்டுக்காரன் படம், இன்னொன்றுக்குக் கன்னடப் புராணப் படம். பஸ் ஸ்டாண்டில் இறக்கும்போது ஒரு ரீல் இடம் மாறிப்போயிற்று. திரையில் கோட்டுக்காரன் பனிமலைக்குள் நுழைந்து, வில்லனின் இரும்புக் கதவைத் திறக்கிறான். உள்ளே தேவேந்திரன் சபை. ரம்பை ஆடிக்கொண்டிருக்கிறாள். நாரதர் தம்புராவோடு வந்து கன்னடத்தில் பேசுகிறார். அகலப் படத்துக்கான லென்ஸ் போட்டிருந்ததால் நாரதர் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் குண்டாகத் தெரிந்தாராம். வேறு ஊராக இருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள். நம் ஆட்கள் கைதட்டினார்கள். கோட்டுக்காரன் வயிற்றில் தலையணை கட்டி மாறுவேஷத்தில் வந்திருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டார்கள். கதவைத் திறந்ததும் பாஷை மாறியதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தமிழில் கடைக்குள் நுழைந்து, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் மிச்சச் சில்லறை கேட்டு வாங்குகிற ஊரில் அது ஏன் தோன்றப்போகிறது? ரீல் முடிந்து அடுத்த ரீல் ஓடத் தொடங்கியதும் பனிமலை வெடித்துச் சிதறியது. எல்லாம் நாரதர் வேலை என்று ஜனம் விசிலடித்தது.

மறுநாள் ரீலைச் சரியாக மாற்றிவிட்டார்கள். அன்றைக்குப் போனவர்கள்தான் “நாரதர் சீன எங்கடா வெட்டினீங்க?” என்று சண்டை போட்டார்களாம். ஆக, அந்தப் படம் ஓடியது ஒரே ஒரு காட்சி. அந்த நேரத்தில் நான் தங்கவயலிலேயே மைசூர் மைன்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். கோட்டுக்காரனின் எல்லாப் படங்களையும் பார்த்து, புத்தகமும் போட்ட நான், இருப்பதிலேயே விசித்திரமான அதை மட்டும் பார்க்கவில்லை.

இதைச் சம்பங்கி விடுவாரா? ஒவ்வொரு முறை அந்தக் கதையை எடுக்கும்போதும் என்னைக் காட்டித்தான் தொடங்குவார்: “நம்ம ரைட்டரு அன்னிக்கி வேப்பிலையில படுத்துக்கினு இருந்தாரு, பாவம். அதனால அவருக்கும் சேத்துச் சொல்றேன், கேளுங்க.” அதன் பிறகு அது கதையாக இருக்காது, படமே ஓடும். “நாரதரு சப்ளாக்கட்டையத் தட்டறாரு பாரு. பாட்டுக்குத் தட்டறாருன்னா நெனச்ச? அது தந்தி! வெளிய நிக்கற ஹெலிகாப்டருக்குத் தந்தி! பாமு எங்க இருக்குது? தம்புரா பானைக்குள்ள!” ரம்பை எப்படி ஒரு கண்ணால் இந்திரனையும் மறு கண்ணால் கோட்டுக்காரனையும் பார்த்தாள் என்று அவர் முகத்திலேயே காட்டுவார். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் நம்மிடம் டிக்கெட் கேட்பதை மறந்து மாலூர் வரை நின்றுகொண்டே கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒருநாள் மணியைத் தனியாக மடக்கினேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பெஞ்சு டிக்கெட்டில் அந்தக் காட்சியைப் பார்த்தவன் அவன். “நீ பார்த்ததைச் சொல்லுடா” என்றேன். ரொம்ப நேரம் யோசித்தான். “நாரதர் வந்தாரு, இன்னாவோ பேசினாரு, போய்ட்டாரு. அப்புறம் மலை வெடிச்சிது.” அவ்வளவுதான். சப்ளாக்கட்டைத் தந்தி நடந்ததா என்று கேட்டேன். “அதான் சம்பங்கி அண்ணன் சொல்றாரே! கரெக்ட்டா அப்டிதான் இருந்திச்சி” என்றான்.

பிறகு அந்தப் படத்தின் டிஸ்க் கிடைத்தது. சம்பங்கியை வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினேன். அவரை மட்டம் தட்ட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் இல்லை. பனிமலை வந்தது. கோட்டுக்காரன் இரும்புக் கதவில் கை வைத்தான். சம்பங்கி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார், டம்ளர் கையிலேயே நின்றது. கதவு திறந்தது. உள்ளே வரிசையாக மெஷின்கள், விளக்குகள், வில்லனின் நீண்ட உரை. சம்பங்கி மெல்லப் பின்னால் சாய்ந்தார். “தூ, இதுவா? நம்ம ஊரு படந்தான் நல்ல படம்” என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். அந்த ஏமாற்றம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

காரியத்தன்றுதான் புரிந்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு சரோஜாம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், “அந்த நாரதர் படத்தை இனிமேல் யார் சொல்லப் போறாங்க? பார்த்தவர் போயிட்டாரே” என்றேன்.

சரோஜாம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அவரு எங்கண்ணா பாத்தாரு?”

“என்னம்மா சொல்றீங்க?”

“அன்னிக்கிதான் குடியாத்தத்துக்கு என்னப் பொண்ணு பாக்க வந்தாரு. எங்க வீட்ல உக்காந்து பஜ்ஜி தின்னுக்கினு இருந்தாரு. ஊருக்குத் திரும்பி வந்தா நாரதரு நாரதருன்னு ஊரே பேசுதாம். கல்யாணம் ஆனப்புறங்கூட, ‘உன்னப் பாக்கப் போயிதான்டி அந்தப் படத்த வுட்டேன்’னு எத்தினி தபா சண்ட போட்டிருக்காரு, உங்களுக்கு இன்னா தெரியும்? பாத்தவனுங்க மேல அவருக்கு அவ்ளோ பொறாம.” சொல்லிக்கொண்டே வந்தவர் சிரித்துவிட்டார். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார்.

நண்பர்களே, என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். குடியாத்தத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த மனிதர், வேப்பிலையில் படுத்திருந்த என்னைப் பார்த்து இத்தனை வருஷம் ‘பாவம்’ என்றிருக்கிறார், ஒரு தடவைகூடச் சிரிப்பு வராமல். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம் இல்லை. பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த வரைக்கும் என் பொறாமைக்கு ஒரு எல்லை இருந்தது. அவருக்குக் கொடுத்துவைத்திருந்தது, எனக்கு இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். இப்போது அந்த ஆறுதலும் போய்விட்டது. இரண்டு பேருமே பார்க்கவில்லை. இரண்டு பேருக்குமே பார்த்தவர்கள் மேல் பொறாமை. அவர் தன் பொறாமையிலிருந்து ரம்பையின் இரண்டு கண்களையும் தம்புராவுக்குள் குண்டையும் எடுத்தார். என் பொறாமையிலிருந்து நான் எடுத்தது வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

அடுத்த நாள் மணிக்குப் போன் செய்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சம்பங்கி அந்தக் காட்சிக்கு வரவே இல்லை, அவர் மனைவியே சொல்கிறார், பெண் பார்க்கப் போயிருந்தார் என்றேன்.  மணி என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னான்:

“இன்னா ரைட்டரே நீங்க, அந்தம்மா துக்கத்துல எதுனா சொல்லியிருப்பாங்க. சம்பங்கி அண்ணன் அன்னிக்கி என் பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்தாரு. நாரதர் வந்தப்ப என் தொடையில ஓங்கி ஒரு அடி அடிச்சாரு. இன்னும் வலிக்குது.”

இதை இங்கே அச்சில் போடுவதால் சம்பங்கிக்கு ஒரு கெடுதலும் வந்துவிடாது. நம் பெட்டியில் யாரும் நம்பப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். நான் எழுதியதைப் படித்த யாருக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக ஞாபகம் இல்லை, தொடையும் வலித்ததில்லை. அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் கிடையாது. அவர் மேல் எனக்குள்ள பொறாமைதான் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிட இப்போது அதிகமாக இருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன், சம்பங்கி.