ரயிலில் வந்த யூதாவின் ராசா

சனிக்கிழமை காலை பத்தரைக்கு விட்பி நிலையத்தில் ரயில் ஏறும்போது, என் தங்கச்சியின் கணவர் மரியதாசின் கையில் ஒரு மணிமுடி இருந்தது. அட்டையில் வெட்டி, பொன்தாள் ஒட்டி, கண்ணாடித் துண்டுகள் பதித்து, வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு மாதமாக இருந்து செய்தது. பைக்குள் வைக்கலாமே என்றேன்.

"பையை எங்கையாவது கீழ வைச்சிடுவம் அக்கா. மங்களம் பாடி முடியுமட்டும் முடி நிலத்தில படக்கூடாது. எங்கட ஊர்க் கூத்தில அதுதான் முறை."

நான் மட்டக்களப்பிலிருந்து தங்கச்சியைப் பார்க்க இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தவள். கூத்து எங்களுக்கும் உயிர்தான். ஆனால் எங்கள் கூத்தில் வரும் ராசாக்கள் வேறு. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கரான மரியதாசின் ஆட்களுக்கு ராசாக்கள் வேதாகமத்திலிருந்து வருகிறார்கள். தங்கச்சி விடியவே உடுப்புகளையும் ரோல்ஸ் பலகாரத் தட்டுகளையும் காரில் ஏற்றிக்கொண்டு மோர்னிங்சைட் மண்டபத்துக்குப் போய்விட்டாள். ராசாவுக்கும் எனக்கும் ரயில்தான் மிச்சம்.

ஏஜக்ஸ் நிலையம் வருவதற்குள் கதை சொல்லி முடித்தார். சாலமோன் செத்ததும் மகன் ரெகபெயாம் பட்டத்துக்கு வருகிறான். சுமையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சனம் கேட்கிறது. இவன் வாய்க்கொழுப்பில், அப்பாவைவிடக் கூடச் சுமத்துவேன் என்கிறான். பன்னிரண்டு கோத்திரத்தில் பத்து கோபித்துக்கொண்டு போய் எரொபவாமைத் தங்கள் ராசாவாக்குகின்றன. வடக்கே இஸ்ரயேல், தெற்கே யூதா, நாடு இரண்டு. வாயால் கெட்ட அந்த ரெகபெயாம்தான் எங்கள் மரியதாஸ்.

"எரொபவாமுக்கு ஆரு?"

"அண்ணை" என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மிச்சம் எனக்குத் தெரியும். மூத்தவர் சவிரிமுத்து மோர்னிங்சைட்டில் இருக்கிறார். ஊர்க் கோயில் பெருநாள் இங்கே வேலைநாளில் விழுந்தால் யாருக்கும் லீவு இல்லை. அதற்கு முந்தின சனி வைப்போம் என்றார் தம்பி. பிந்தின சனிதான் என்றார் அண்ணன். ஊர்ச் சங்கம் இரண்டானது, பெருநாளும் இரண்டானது. மூன்று வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. இரண்டு பெருநாளுக்கும் சமைத்துக் களைத்தவள் என் தங்கச்சி. இரண்டு பகுதியும் சேர்ந்து ஆடாவிட்டால் மத்தளத்தைத் தொடமாட்டேன் என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அடம்பிடித்ததால்தான் இன்றைய கூத்து. அதையும் தம்பி விட்பியிலும் அண்ணன் மோர்னிங்சைட்டிலுமாகத் தனித்தனியே பழகினார்கள். இன்றைக்காவது இருவரும் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று தங்கச்சி இரவு முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

ரூஜ் ஆற்றைத் தாண்டும்போது ஏரி தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அக்டோபர் வெயிலில் தண்ணீர் மினுங்க, முடியிலிருந்த கண்ணாடிகளும் சேர்ந்து மினுங்கின. ரயில் பெட்டியின் கூரையெங்கும் வெளிச்சப் பொட்டுகள். எனக்குச் சின்னப்பிள்ளைபோலக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. எதிரே அகலத் தொப்பி போட்டிருந்த ஜமேக்காப் பெண் ஒருவர், எந்த ராசா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். ரெகபெயாம் என்றதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அவரும் எரொபவாமும் சாகும்வரை சண்டைதானே பிடித்தார்கள்?" என்று கேட்டுவிட்டு, கில்ட்வுட் நிலையத்தில் எங்களோடு இறங்கி, முடிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அங்கிருந்து மண்டபத்துக்கு பஸ்ஸில் போனோம். முடியை நான் மடியில் வைத்திருந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நடுப்பாதைக்கு இந்தப்பக்கம் முந்தின சனிக்காரர், அந்தப்பக்கம் பிந்தின சனிக்காரர். மேடை நடுவிலும் ஒரு கயிறு கிடந்தது. இடது யூதா, வலது இஸ்ரயேல். இரண்டு மணிக்கு மத்தளம் முழங்கியது. ரெகபெயாம் வாளோடு படை திரட்டினான். உன் சகோதரரோடு போருக்குப் போகாதே, வீட்டுக்குத் திரும்பு என்று இறைவாக்கினர் பாடினார். வாளைத் தாழ்த்தி ஒரு மூலையில் நின்றார் மரியதாஸ். தங்கச்சி என் கையை நெரித்தாள்.

பிறகு கட்டியகாரன் வந்து வடக்கு ராச்சியத்துச் செய்தியை அறிவித்தான்:

"ஆண்டவன் சொன்ன நாளை விட்டான் – எரொபவாம்
ஆசைப்பட்ட நாளிலே பெருநாள் வைத்தான்!"

மண்டபம் ஒரு கணம் திகைத்து, பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து வெடித்துச் சிரித்தது. வேதாகமத்தில் உள்ள செய்திதான்; ஆனால் அவரவர் பாட்டைத்தான் அண்ணாவியார் அவரவருக்குச் சொல்லிக்கொடுப்பார். சேர்ந்து பழகியிருந்தால் இந்தப் பாட்டு முதலே காதில் விழுந்திருக்கும். சேர்ந்து பழகத்தான் இவர்கள் விடவில்லையே. சவிரிமுத்து முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கிய குலுங்கலில் தலையிலிருந்த முடி சரிந்து விழுந்தது.

மரியதாஸ் வாளைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் கயிற்றைத் தாண்டினார். முழங்காலால் சறுக்கி, நிலத்துக்கு ஒரு சாண் மேலே முடியைப் பிடித்தார். எழும்பி அண்ணனின் தலையில் வைத்தார்.

"ஆடாமல் நில் அண்ணை."

"உந்தப் பாட்டை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையடா!"

"சத்தியமா எனக்கும் சொல்லேல்லை."

அண்ணாவியார் மத்தளம் அடிக்க மறந்துபோனார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. நான் விசிலடித்தேன், ஐம்பத்தெட்டு வயதில், பக்கத்தில் பாதிரியார் இருக்கும்போது. தங்கச்சி ரோல்ஸ் தட்டைக் கட்டிப்பிடித்து அழுதாள். மங்களத்தை இரண்டு ராசாக்களும் ஒரே கயிற்றின் மேல் நின்று பாடினார்கள்.

பின்னேரம் தங்கச்சிதான் கார் ஓடினாள். தன் காரை மண்டபத்திலேயே விட்டுவிட்டு சவிரிமுத்து எங்களோடு ஏறிக்கொண்டார். எங்கள் ஊரில் என்றால் இப்படியொரு பிரிவைச் சேர்த்துவைக்க இரண்டு கலியாணமும் ஒரு செத்தவீடும் தேவைப்பட்டிருக்கும். இங்கே ஒரு அட்டை முடி போதுமாயிருந்தது. மங்களம் முடிந்த பிறகும் முடிகளைக் கீழே வைக்க விடாமல் இரண்டையும் என் மடியில் ஏற்றியிருந்தார்கள்.

நெடுஞ்சாலை ஏறியதும் தொடங்கியது. முந்தின சனியா, பிந்தின சனியா? மண்டபம் எப்போது மலிவு, மழை எப்போது வரும், அப்பா இருந்திருந்தால் எதைச் சொல்லியிருப்பார்? பிக்கரிங் போனது, ஏஜக்ஸ் போனது, இருவரும் ஓயவில்லை. இரண்டு வார்த்தைக்காக மூன்று வருடம் ஏங்கியவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு ராசாவும் விட்பி வருமட்டுமாவது கொஞ்சம் வாயை மூடுறீங்களா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.