ஷைனி வரைந்த கம்பெனி பஸ்

ஷைனியின் படத்தில் பஸ் பறக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்த பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும் வெள்ளை பஸ், ஹைவே மேம்பாலத்தில் ஏறி, இறங்க மறந்து அப்படியே மேலே போய்விடும். கீழே பொன்னேரி வயல்கள் பச்சையாய் விரிந்து கிடக்கும். புகைபோக்கிகள் புகைக்குப் பதிலாகப் பஞ்சு விடும். பழவேற்காடு ஏரிக்கு மேலே வரும்போது பூநாரைகள் கூட்டமாக வந்து ஜன்னலோரம் கூடவே பறக்கும். உள்ளே அத்தனை பெண்களும் தூங்கிக்கொண்டே பாடுவார்கள். டிரைவர் மட்டும் பாடமாட்டார். அவரும் தூங்கிவிட்டால் கதை வேறு மாதிரி போய்விடும் என்று ஷைனிக்கே ஒரு பயம் இருந்தது.

அனிமேஷன் படிக்கிற பெண் அவள். கடைசி வருஷம். பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, சென்னையில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். ஒரு தலைமுறைக்கு முன்புவரை அந்த வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கி நின்றவர்கள். இப்போது அப்பா ஜெயராஜ் இரும்பு ஆலையில் வேலை செய்கிறார். அம்மா மெர்சி பிளாஸ்டிக் கம்பெனியில், மெஷினிலிருந்து வந்து விழும் சாமான்களின் ஓரத்துப் பிசிறை வெட்டுகிறாள். மகள் பறக்கும் பஸ் வரைகிறாள். இதையும் ஒரு வேலை என்று நம்புவதற்கு ஜெயராஜுக்கு ரொம்ப நாள் பிடித்தது. இன்னும்கூட முழுசாக நம்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசி வருஷத்துக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டுப் படம் செய்ய வேண்டும். அதில் ஒன்றே ஒன்றைக் கல்லூரி வெளியூர் படவிழாவுக்கு அனுப்பும். விழாவுக்கு ஸ்டூடியோக்காரர்கள் வருவார்கள். பார்த்துப் பிடித்தால் அங்கேயே வேலை. ஷைனிக்கு அந்த இடம் வேண்டும். ராத்திரி சோற்றில் கை வைக்கும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

படம் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். பெண்கள் சேர்ந்து பாடும் பாட்டுக்கு, சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஸ்டீவன் மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டான். தங்கள் சர்ச் பாடகர் குழுப் பெண்களையே கூப்பிட்டுப் பாடவும் வைத்துவிட்டான். இல்லாதது நடுவில் வரும் ஒரு பாட்டு. ஏரிக்கு மேலே பஸ் மிதக்கும்போது மற்றவர்கள் எல்லாரும் அடங்கி, ஜன்னலோரம் தூங்கும் ஒரே ஒரு பெண் தனியாகப் பாட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு மெர்சியின் முகம். அவள் கனவில் என்ன பாடுவாள் என்று ஷைனி எழுதி எழுதிப் பார்த்தாள். எழுதியதெல்லாம் அன்னையர் தின வாழ்த்து அட்டையில் அச்சடித்த மாதிரியே வந்தது. அம்மா அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

சரி, முதலில் முகத்தையாவது ஒழுங்காக வரைவோம் என்று, அம்மாவோடு வேலை செய்யும் அருணாவிடம் கெஞ்சினாள். அருணாக்கா வீடு திரும்பும்போது எதிர் சீட்டில் உட்கார்ந்து, மெர்சி தூங்குவதை செல்போனில் எடுத்து அனுப்பினாள். ‘உங்கம்மாக்கு மட்டும் தெரிஞ்சா என்னை வெட்டிடும்’ என்று கீழே ஒரு குரல் செய்தி.

அனிமேஷன்காரர்கள் வீடியோவை ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. நிறுத்தி, ஒரு அசைவு தள்ளி, மறுபடி நிறுத்தி, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பார்ப்பார்கள். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டியவளுக்கு வேறு வழியும் இல்லை. அப்படிப் பார்த்தபோது பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின் சீட்டுப் பெண்களின் தலை தொங்கி ஆடியது. ஒருத்தியின் வாய் திறந்துகொண்டது. மெர்சியின் கழுத்து மட்டும் விறைப்பாக நின்றது. பஸ் குலுங்கும் முன்பே அவள் கை சீட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டது. ஷைனி இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். மூடிய வாய்க்குக் கீழே தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சுக்கு அப்படி அசையாது. தொண்டை ஓரிடத்தில் நிற்கிறது, நெளிகிறது, மேலே போய்த் தங்குகிறது, விட்ட இடத்துக்கே திரும்ப வருகிறது. பாடுகிறவர்களின் தொண்டையை அவள் சர்ச்சில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து மெர்சி யூனிஃபார்ம் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது ஷைனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அம்மா, நீ பஸ்ல தூங்குறதில்ல இல்ல?”

மெர்சி மடிப்பதை நிறுத்தவில்லை. யார் சொன்னது என்று கேட்டாள். அருணாவின் பேர் வந்ததும் அருணாவின் வம்சத்தையே ஒரு சுற்று திட்டித் தீர்த்தாள். அதற்குப் பிறகுதான் குரல் இறங்கியது.

“கண்ண மூடிக்கினா யாரும் பேச்சு குடுக்க மாட்டாங்கடி. ஊட்ல நீ, உங்கப்பா. கம்பெனில சூப்பர்வைசரு. கோயிலுக்குப் போனா பாஸ்டரம்மா. எல்லாருக்கும் நான் எதுனா ஒண்ணு பதில் சொல்லிக்கினே இருக்கணும். அந்த பஸ்சுல மட்டும்தான் என்னை யாரும் இன்னா ஏதுன்னு கேக்க மாட்டாங்க.”

அப்புறம் ஷைனி தொண்டையைப் பற்றிக் கேட்டாள். மெர்சியின் முகம் சிவந்துவிட்டது. இருபது வயதுப் பெண்ணைப் பெற்றவள் அப்படி வெட்கப்பட்டு ஷைனி பார்த்ததே இல்லை. அது ஒரு பாட்டுதான், சினிமாவும் இல்லை, கோயில் பாட்டும் இல்லை, பஸ்ஸில் போகப்போகத் தானாகவே கட்டியது, ஒரு நாள் ஒரு வரி சேரும், ஒரு மாசம் ஒன்றுமே சேராது என்று விட்டு விட்டுச் சொன்னாள். ஒரு தடவைகூட வாயைத் திறந்து பாடியதில்லையாம்.

ஷைனிக்குத் தலைகால் புரியவில்லை. எதைத் தேடி இத்தனை மாசம் அலைந்தாளோ, அது தினமும் சாயங்காலம் டிபன் பாக்ஸோடு வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. படத்துக்குப் பாடிக் கொடு என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விழா, ஸ்டூடியோ, வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மெர்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு முடியாது என்றாள்.

“வெளிய வுட்டா அது எல்லாரோடதும் ஆயிடும் ஷைனி. அப்புறம் நான் இன்னாத்த வச்சிக்கினு கண்ண மூடறது?”

அன்றைக்கு ஷைனி சாப்பிடவில்லை. மறுநாள் பேசவும் இல்லை. பெற்ற மகளுக்குத் தராமல் ஒரு பாட்டைப் பூட்டி வைத்துக்கொள்கிற அம்மா உலகத்தில் உண்டா என்று ஸ்டீவனிடம் போய்ப் பொருமினாள். ஸ்டீவன் நல்ல பையன், ஆனால் சமாதானம் சொல்லத் தெரியாதவன். பக்கத்துத் தெருவிலிருந்து நன்றாகப் பாடுகிற ஒரு பெண்ணை அழைத்துவந்து, வேறொரு பாட்டைப் பாடவைத்துப் பதிவு செய்து கொடுத்தான். குரல் தேனாக இருந்தது. அதை அம்மாவின் முகத்துக்குப் பொருத்திப் பார்த்தபோது, அம்மா யாருடைய நகையையோ வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஷைனி அதை அழித்தாள்.

அழித்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. அருணாக்கா எடுத்த வீடியோவை வைத்து, அம்மாவின் தொண்டை எப்படி ஏறி இறங்கியதோ அப்படியே, ஒன்று விடாமல் வரைந்தாள். வாய் மூடியபடி. பூநாரைகள் சத்தமில்லாமல் இறக்கை அடிக்க, ஏரியில் பஸ்ஸின் நிழல் நீந்த, அவள் பாடுகிறாள், நமக்குக் கேட்காது. வரைய வரைய ஷைனியின் கோபம் எங்கேயோ கரைந்துபோயிற்று. இந்த முகத்தை இத்தனை கிட்டத்தில், இத்தனை நேரம் அவள் பார்த்ததே இல்லை.

படத்தைப் பார்த்த அவளுடைய வாத்தியார் லோகு சார், பாட்டுப் படத்தில் பாட்டு வரவேண்டிய இடத்தில் மௌனமா, பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலையைக் காலியாக விடுகிற மாதிரி இருக்கிறது என்றார். மாற்றச் சொன்னார். ஷைனி தலையாட்டினாளே தவிர மாற்றவில்லை.

திரையிடும் நாளில் பெற்றவர்களை அழைத்திருந்தார்கள். ஜெயராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. மெர்சி கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். இருட்டில் மகளுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் மேம்பாலத்திலிருந்து எழும்பியபோது பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். பெண்கள் பாடினார்கள். ஏரி வந்தது. எல்லாக் குரலும் அடங்கியது.

திரையில் ஜன்னலோரம் மெர்சியின் முகம். அரங்கத்தில் ஒருவர் இருமினார். ஷைனி மாற்றியிருப்பாள் என்று நம்பியிருந்த லோகு சார், ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று திரும்பிப் பார்த்தார். திரையில் தொண்டை மெல்ல ஏறியது, நின்றது, நெளிந்தது.

அப்போது ஷைனியின் காதருகே ஒரு குரல் முனகத் தொடங்கியது. வார்த்தைகள் பாதிதான் தெரிந்தன. ஏதோ ஒரு கரை, தண்ணீர், யாரையோ வரவேண்டாம் என்று சொல்கிற ஒரு வரி. திரையில் தொண்டை ஏறும்போது குரலும் ஏறியது. அது நின்ற இடத்தில் இதுவும் நின்றது. தன் தொண்டையைப் பார்த்து, எந்த வரி என்று மெர்சிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஷைனிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அசைந்தால் நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசைக்காரர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. படம்தான் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

விளக்கு வந்ததும் கைதட்டல் நிற்க நேரமாயிற்று. வெளியே சமோசாவும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் லோகு சார் ஷைனியைப் பிடித்துக்கொண்டார். கடைசி நேரத்தில் சேர்த்தாயே அந்த முனகல், அதுதான் படம் என்றார். முன்பு என்னிடம் கொடுத்த ஃபைலில் அது இல்லையே, ஆடியோவைச் சேர்த்து இன்றைக்கே அனுப்பு, விழாவுக்கு உன் படம்தான் என்றார். அது இல்லாவிட்டால் அவள் வகுப்புப் பையன் அன்புசெல்வன் படத்தைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

மெர்சி நாலடி தள்ளி, காகிதத் தட்டோடு நின்றிருந்தாள். ஷைனி அவள் பக்கம் திரும்பவில்லை.

“அது படத்துல இல்ல சார். பாக்க வந்தவங்க யாரோ முணுமுணுத்தாங்க.”

யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்.

“அவங்க போயிட்டாங்க சார்.”

லோகு சார் உச்சுக் கொட்டிவிட்டு அன்புசெல்வனைத் தேடிப் போனார். செய்தது சரிதான் என்று தெரிந்தும் ஷைனிக்கு வலித்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன.

திரும்பும் ரயிலில் பேசின் பிரிட்ஜ் தாண்டுகிறவரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு ஷைனி அழுதாள். மீஞ்சூர் வருவதற்குள் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. மெர்சி நகர்ந்து வந்து மகளின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“நீ கேட்டது நடுவுலருந்துடி” என்றாள். “மொதல்லருந்து சொல்றேன், கேளு.”

கண்ணை மூடிக்கொண்டாள். ரயிலின் தடதடப்புக்கு அடியில், ஷைனியின் தோள்பட்டை வழியாகவே பாட்டு ஏறி வந்தது. வெளியே வயல்களில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முன்னால் குனிந்து, அம்மா என்னவோ சொல்லிக்கினு இருக்காங்களே, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தாள்.

“ஒண்ணுமில்லக்கா” என்றாள் ஷைனி. “தூக்கத்துல ஒளர்றாங்க.”