மூன்றாம் ஓலை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மரிய அருண் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டு மாடிக்குப் படம் பார்க்கப் போவான். வெள்ளைச் சுவரில் படம் ஓடும். ஏழெட்டுப் பேர் வந்தால் அதிகம். எங்கெங்கோ, கையில் காசில்லாதவர்கள் எடுத்த படங்கள். பெரிய தியேட்டரில் அவனைப் போன்ற ஒருவன் திரையில் வந்தாலே கூட்டம் சிரிக்கும். இங்கே இரண்டு ஆண்கள் மீன் கழுவுவார்கள், கேஸ் தீர்ந்ததற்குச் சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு படத்தில் அருணே நடித்தான். நோணாங்குப்பத்துப் படகில் இன்னொருவனின் தோளில் சாய்ந்து, "உன்னத் தவிர எனக்கு யாரும் வேணாம்டா" என்பான். அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. யாரும் பார்க்கப் போவதில்லை என்கிற தைரியம்.

அந்த வருடமே மூலக்குளத்து மெரினை அவனுக்குப் பேசி முடித்தார்கள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அருண் தன் அம்மா அகஸ்டினாவிடம் வாயைத் திறந்தான்.

"செத்துப்போன உங்கப்பா போட்டோவப் பாத்து சொல்லு. அவரு கேட்டா நானும் கேக்கறேன்" என்றாள்.

மாதா கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும், மறைத்தால் பாவம். தன்னால் முடியாததை வேறு யாராவது சொல்லட்டும் என்று அருண் காத்திருந்தான். இரண்டு ஓலை போயிற்று. படத்தை யாராவது பார்த்திருந்தால்தானே? கடைசியில் பெயர் போடாமல், வேறு நம்பரிலிருந்து, மெரினின் அப்பா அமலநாதனுக்கு அவனே அதை அனுப்பினான்.

மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். யாரும் எழுந்து சாமியாரிடம் போகவில்லை.

பூசை முடிந்ததும் அமலநாதன் அவன் தோளில் கை போட்டார்.

"படம் பாத்தேன் மாப்ள. உங்கம்மாவும் கூடவே உக்காந்து பாத்தாங்க."

சற்றுத் தள்ளி அகஸ்டினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மாமா, மெரினுக்கு..."

"அவளுக்கு எதுக்கு? மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை குடுத்தாச்சு. இந்தக் கருமத்த எவன் பாக்கப் போறான்?" தோளை அழுத்தினார். "நல்லாதான் நடிக்கற. இங்கயும் அப்படியே நடிச்சிட்டுப் போ."

மெரின் சிரித்தபடி வந்தாள். "உங்களுக்குப் படம்னா உசுராமே, அப்பா சொன்னாரு. என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

"போலாம்" என்றான்.

இப்போது சனிக்கிழமைகளில் இருவரும் பெரிய தியேட்டருக்குப் போகிறார்கள். திரையில் ஒருவன் இடுப்பை ஆட்டி, கையை வளைத்துப் பேசும்போது மெரின் அருணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான்.