உப்பு முடியும் ஊர்

1935 செப்டம்பர். நகோயாவில் காலை ஏழு மணி ரயிலில் ஏறினோம், நானும் கோபேயில் பஞ்சு ஏஜெண்டிடம் வேலை பார்க்கும் என் கணவரும். போக வேண்டிய ஊர் ஷியோஜிரி, நூறு மைலுக்குச் சற்று அதிகம். அது ஷினானோ என்னும் மலைநாட்டில் இருக்கிறது. அந்த நாட்டுக்கு எந்தப் பக்கமும் கடல் கிடையாது. அங்கே பட்டுப்பூச்சி வளர்க்கும் ஒரு விதவை அம்மாள் இருக்கிறார். இந்தப் பருவத்துப் புழுக்கள் கூடு கட்டும் வரை என்னை வீட்டில் வைத்துக்கொண்டு தொழில் சொல்லித்தருவாரா என்று கேட்கத்தான் இந்தப் பயணம். தைக்குள் நாங்கள் மதுரைப் பக்கத்து எங்கள் ஊரான கோம்பைக்கே திரும்பிவிடுவோம். அவர் மாட்டேன் என்றால், ஊரில் பட்டு வளர்க்கும் என் ஆசை அத்தோடு சரி.

ஒன்பது மணிக்கு மேல் கிசோ ஆறு ரயிலோடு சேர்ந்துகொண்டது. இரு கரையிலும் தேவதாரு போன்ற நெடுமரங்கள். பழைய பிரபுக்கள் காலத்தில் இங்கே ஒரு மரத்தை வெட்டினவனுக்குத் தலையை எடுப்பார்களாம். எங்கள் மலையில் விறகுக்குப் போகிறவர்கள் திட்டித் தீர்க்கும் காட்டிலாகாக்காரர் இவர்களுக்கு முன்னால் பரம சாது.

ஒரு ஸ்டேஷனில் முப்பது சென் காசுக்கு மரப்பெட்டிச் சோறும், ஐந்து சென்னுக்குச் சின்ன மண்கூஜாவில் தேநீரும் வாங்கினோம். குடித்தபின் கூஜாவும் நமக்கே. போடி ரயிலில் இப்படிக் கொடுத்தால் நான் தினமும் மதுரைக்குப் போவேன்.

பிறகு ஒரு நீண்ட சுரங்கம். வெளியே வந்தால் வேறோர் ஆறு, எதிர்த்திசையில் ஓடுகிறது. இதுவரை பார்த்த தண்ணீர் தென்கடலுக்கு, இனிமேல் வடகடலுக்கு. எங்கள் பெரியாற்றை மனிதர்கள் மலையைக் குடைந்து நம் பக்கம் திருப்பினார்கள். இங்கே மலையே பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டது.

ஒரு மணிக்கு ஷியோஜிரி. வீட்டுக்குள் நுழைந்ததும் தூறல் சத்தம் கேட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். மாடியில் புழுக்கள் இலை தின்கிற சத்தமாம்.

அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், சிரிக்காத முகம். அவர் சொல்லச் சொல்ல என் கணவர் தமிழாக்கினார்.

"இந்த ஊருக்கு அர்த்தமே உப்போட கடைசின்னு சொல்றாக. வடக்குக் கடல்லருந்தும் தெக்குக் கடல்லருந்தும் மாட்டு முதுகுல வந்த உப்பு இங்கனதான் முடியுமாம். ஒரு தடவ பகையாளிக உப்பு வராம மறிச்சுட்டாகளாம். அப்ப இன்னொரு எதிரி ராசாதான், சண்டை வேற உப்பு வேறன்னு அனுப்பி வச்சாராம்."

சொல்லிக்கொண்டே அம்மாள் ஜாடியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி என்னிடம் நீட்டினார். நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் முகம் இறுகிப்போனது.

"ஏ புள்ள, என்ன பண்ணிட்ட? உப்பை வேண்டாம்னா இங்கன வீட்டையே வேண்டாம்னதுக்குச் சமம்," என்று பதறினார் என் கணவர்.

காரியம் கெட்டது என்று எனக்கு அழுகை முட்டியது. "ஏங்க, உப்பைக் கைக்குக் கை வாங்குனா சண்டை வரும்ல. கீழ வைக்கச் சொல்லுங்க, எடுத்துக்கிறேன். இவுககூட எனக்குச் சண்டை வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் அதை அம்மாளிடம் சொன்னார். அம்மாள் என் கையைப் பிடித்து விரித்து, அத்தனை உப்பையும் அதில் கொட்டி மூடி, முதல்முறையாகச் சிரித்தார்.

"கூடு கட்டுற வரைக்கும் ஒரே வீட்டுல கெடக்கப் போறோம், சண்டை வராம எப்படின்னு கேக்குறாக," என்றார் என் கணவர்.

மறுநாள் காலை அவர் மட்டும் கோபேக்கு ரயிலேறினார். கோம்பையை விட்டுக் கிளம்பியபோது குமுறி அழுதவள், இங்கே அவரை வழியனுப்பிவிட்டு இலை பறிக்க ஓடினேன். சாயங்காலமே, இலையை நான் பெரிதாக நறுக்கிவிட்டேன் என்று முதல் சண்டை வந்தது. அம்மாள் தம் பாஷையில் ஏசினார், நான் கோம்பைத் தமிழில் ஏசினேன். இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது.